முதல் கிண்ணம் கீழே போகும்

சங்கு ஊதியது.

ஊதக்கூடாத சங்கு. ஒரு வாரத்துக்கும் மேலாக வாய் மூடிக் கிடந்த சலவை ஆலையின் சங்கு, நடுப்பகலில், தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்படி அலறியது. ஆலை வாசலுக்கு எதிரே தார்ப்பாய்ப் பந்தலில் உட்கார்ந்திருந்தவர்கள் துள்ளி எழுந்தார்கள். பழக்கதோஷம் யாரை விட்டது! நாலைந்து பேர் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் மாதிரி செருப்பைக்கூடத் தேடிவிட்டார்கள்.

"உக்காருங்கய்யா! சங்கு ஊதினதும் ஓடறதுக்கு நாம என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களா?" என்று ஒரு குரல் வெடித்தது.

குரலுக்குச் சொந்தக்காரி பட்டாசு. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இஸ்திரிப் பிரிவில் சேர்ந்த முதல் வாரமே மேனேஜரிடம் அவள் போட்ட சத்தத்தில் அந்தப் பெயர் அடிபட்டுப் போய் இது ஒட்டிக்கொண்டது. இப்போது அவள்தான் போராட்டக் குழுவின் செயலாளர்.

மருத்துவமனைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் படுக்கை விரிப்பு துவைத்து, நீராவியில் கொதிக்கும் உருளைகளுக்கு நடுவே விட்டு இஸ்திரி போட்டுத் தரும் ஆலை அது. உருளைக்குள் கை போகாமல் இருக்க முன்னால் ஒரு தடுப்புக் கம்பி உண்டு. கம்பி இருந்தால் விரிப்பை நிதானமாகத்தான் விட முடியும். வேகம் போதவில்லை என்று நிர்வாகம் கம்பியைக் கழற்றிப் போட்டது. அடுத்த வாரமே ஒரு அக்காவின் கை உள்ளே போயிற்று. அந்த அக்கா இதோ, முழங்கை வரை கட்டுப் போட்டுக்கொண்டு பந்தலின் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். கம்பியைத் திரும்ப மாட்டு, அதுவரை துவைக்க மாட்டோம், தேய்க்க மாட்டோம், மடிக்க மாட்டோம். கோரிக்கை அவ்வளவுதான்.

"நமக்குத்தான் ஊதிட்டான் சங்கு" என்றார் மைக். சலவைப் பிரிவின் தலைவர். கூட்டத்தில் பேச அவருக்கு ஒலிபெருக்கி வைத்தால் அதற்கே அவமானம் என்பதால் வந்த பெயர். "அங்க பாரு, புகை."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஆலையின் பின்பக்கப் புகைபோக்கியிலிருந்து சாம்பல் நிறத்தில் புகை எழுந்துகொண்டிருந்தது.

யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதே இல்லை. அந்தச் சங்கு நீராவியில் ஊதுவது. நீராவிக்கு பாய்லர் எரிய வேண்டும். பாய்லரை எரிய வைக்கத் தெரிந்தவர் அந்த ஆலையில் ஒரே ஆள்தான், பாய்லர் அண்ணன். அவர் உள்ளே போய்விட்டார். இனி நாளைக் காலையில் வெளியாட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினால் போதும், உருளைகள் சுற்ற ஆரம்பித்துவிடும். கம்பி இல்லாமலே.

"கருங்காலி!" என்றார் மைக். மூன்றாவது தெருவரைக்கும் கேட்டிருக்கும்.

"இனிமே அந்த ஆளு முகத்துல யாரும் முழிக்கக் கூடாது" என்றாள் பட்டாசு. அவளுக்கு மூச்சு இரைத்தது. "பேச்சு கிடையாது, வார்த்தை கிடையாது, தாகத்துக்குத் தண்ணி கேட்டாலும் கிடையாது. சம்மதமா?"

கைகள் உயர்ந்தன. கட்டுப் போட்ட அக்கா நல்ல கையை உயர்த்தினாள். கைகள் இறங்கின. கோபப்படத் தெரிந்த கூட்டத்துக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. மடிக்கும் பிரிவிலிருந்து இரண்டு பேர் பையை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். "வீடு வரைக்கும் போயிட்டு வந்துடறோம்" என்றார்கள். திரும்பி வருகிறவர்கள் பையை எடுத்துக்கொண்டு போவார்களா என்ன?

அப்போதுதான் பந்தலின் பின்புறமிருந்து தாத்தாவின் குரல் வந்தது.

"இன்னைக்கு இனிப்பு!"

பட்டாசின் தாத்தாதான் போராட்டச் சமையல்காரர். அந்தக் காலத்தில் சரக்குக் கப்பலில் சமையல் செய்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் 'கப்பல்'. எண்பதைத் தாண்டிவிட்டார். முழங்கால் மடங்காது, வலதுகை நிற்காமல் நடுங்கும், வாய் மட்டும் ஓயாது. காலியான சோப்புத்தூள் டிரம் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, இரண்டு அடுப்புகளையும் ஆறு பாத்திரங்களையும் அதிகாரம் செய்துகொண்டிருப்பார்.

பட்டாசு பாய்ந்து போனாள். "தாத்தா! இங்க எழவு விழுந்த மாதிரி உக்காந்திருக்கோம். உனக்கு இனிப்பு கேக்குதா?"

"எனக்கு எங்கடி கேக்குது? எனக்குத்தான் டாக்டர் சர்க்கரையைக் கண்ணால பாக்கறதுக்கே தடை போட்டிருக்காரே. பேக்கரிக்காரர் கொடுத்தனுப்பின நேத்து ரொட்டி மலை மாதிரி கிடக்கு. வீட்டுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை வந்திருக்கு. பாலும் முட்டையும் இருக்கு. ரொட்டி புட்டிங் போட்டுடலாம். கூட்டம் கலையற நாள்ல குழம்பு ஊத்தினா எவன் நிப்பான்? இனிப்பு வேகற வாசனை வந்தா பொணம்கூட ஒரு நிமிஷம் திரும்பிப் பாக்கும். வா, என் கையாலதான் ஆகாது, உன் கையைக் கொடு."

"எனக்கு ஆயிரம் வேலை இருக்கு."

"என்ன வேலை? அந்தப் புகையை முறைச்சுப் பாக்கறதா? அது நீ முறைச்சா அணையாது. உக்காரு."

உட்கார்ந்தாள். செயலாளர் பதவியெல்லாம் பந்தலின் முன்பக்கத்தில்தான். பின்பக்கத்தில் அவள் பேத்திதான்.

முதலில் சர்க்கரை. அகலமான சட்டியில் பாதிச் சர்க்கரையைக் கொட்டி அடுப்பில் ஏற்றினாள். கரண்டியை விடப் போனாள். தாத்தா அவள் புறங்கையில் ஒன்று வைத்தார்.

"கிண்டாதே! கிண்டினா கட்டி தட்டும். சட்டியை மட்டும் ஆட்டு. அதுவா உருகும்."

"எவ்வளவு நேரம்?"

"அது உருகற நேரம்."

ஓரம் உருகியது, நடு உருகியது. மஞ்சள் தாண்டி, தேன் தாண்டி, செங்கல் நிறத்துக்கு வந்தபோது தாத்தா "இறக்கு!" என்று கத்தினார். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் கரிந்து கசந்திருக்கும். அந்தப் பாகைப் பெரிய பாத்திரத்தின் அடியில் ஊற்றிச் சுழற்றிப் பரப்பினாள். விரலில் ஒரு சொட்டு தெறித்தது. "ஸ்ஸ்" என்று உதறினாள்.

"கெட்ட வார்த்தை வந்தா சொல்லிடு. அடக்கி வச்சா முட்டை திரிஞ்சு போகும்."

"அந்த ஆளைத்தான் சொல்லணும். இவ்வளவு பேர் இருக்கோம், ஒரு வார்த்தை சொல்லாம பின்வாசல் வழியா உள்ள போயிருக்காரு பாரு. அந்த அக்கா கையைப் பாத்த மனுஷன்தானே?"

அவள் முட்டைகளை உடைத்து ஊற்றி அடிக்கத் தொடங்கினாள். அடித்த அடியில் பாத்திரம் நகர்ந்து டிரம்மில் இடித்தது.

"அம்மா தாயே, அது முட்டை, அவன் தலை இல்ல. நுரை வராம அடி. நுரை வந்தா புட்டிங் முழுக்க ஓட்டை விழும், அப்புறம் உங்க மேனேஜர் மாதிரி ஆயிடும்."

"மேனேஜர் மாதிரின்னா?"

"அவன் ஓட்டைப் பேச்சைச் சொன்னேன். பாலை ஊத்து."

ரொட்டித் துண்டுகளின் ஓரத்தை அவள் வெட்டப் போக, அதற்கும் ஒரு திட்டு விழுந்தது. ஓரம்தான் பாலைப் பிடித்து நிறுத்துமாம். ஓரத்தோடு அடுக்கினாள். முட்டையும் பாலும் கலந்ததை மேலே ஊற்றினாள். ரொட்டி மிதந்தது. கரண்டியால் அமுக்கினாள்.

"அமுக்காதே! கூழாயிடும். பக்கத்துல சும்மா உக்காரு. தானா குடிக்கும்."

"சும்மா உக்கார எனக்குத் தெரியாது தாத்தா."

"தெரியும்" என்றார் தாத்தா. "உங்க அம்மாவும் இப்படித்தான். அவளுக்கும் புட்டிங் வராது."

சும்மா உட்கார்ந்தாள். ரொட்டி மெல்ல மெல்லப் பாலைக் குடித்துக் கனத்துக் கீழே இறங்கியது. பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் பாத்திரத்தை இறக்கி, சொட்டு விழாமல் மேலே துணி கட்டி மூடினார்கள். ஆவி சீறியது.

"பாத்தியா, நம்மகிட்டயும் ஒரு பாய்லர் ஓடுது" என்றார் தாத்தா. பட்டாசு சிரிக்கவில்லை.

வாசனை முதலில் பந்தலின் பின்வரிசையைத் தொட்டது. பிறகு முன்வரிசை. பிறகு தெரு. பையை மாட்டிக்கொண்டு போன மடிக்கும் பிரிவுக்காரர்கள் இரண்டு பேரும் தெருமுனையில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்துவிட்டு, வேறு வேலை இல்லாதவர்கள் போல் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். பை தோளில்தான் இருந்தது. இருந்தாலும் உட்கார்ந்தார்கள்.

பாத்திரத்தை இரண்டு பேர் பிடித்து அகலமான தட்டில் கவிழ்த்தார்கள். பொன்னிறமாகப் புட்டிங் நடுங்கிக்கொண்டு நின்றது. பாகு நாலா பக்கமும் வழிந்தது. மைக் தட்டோடு முதல் ஆளாக வந்து நின்றார்.

தாத்தா நடுங்கும் கையால் ஒரு கிண்ணத்தில் நடுத்துண்டை, நல்ல துண்டை, எடுத்து வைத்தார். பாகை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றினார். மைக் கையை நீட்டினார். தாத்தா கிண்ணத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"இது கீழ."

"கீழன்னா?"

"புகை வருதில்ல? அடுப்பு எரியுதுன்னா கீழ ஒருத்தன் இருக்கான்னு அர்த்தம். கப்பல்ல இனிப்பு செய்யற நாள்ல முதல் கிண்ணம் கீழ போகும். பாய்லர்கிட்ட காவல் நிக்கறவனுக்கு. அவன் மேல ஏறி வர முடியாது, தண்ணி மட்டத்தைப் பாத்துக்கிட்டே நிக்கணும். அவன் முறை முடிஞ்சு வர்றதுக்குள்ள இனிப்பு காலியாயிடும். அதனால அவனுக்கு எடுத்து வச்சப்புறம்தான் மத்தவங்களுக்குக் கரண்டி."

"கேப்டனுக்கு முன்னாடியா?"

"கேப்டன் கிடக்கான். அவனுக்கு ஜன்னல் இருக்கு, காத்து வருது."

பட்டாசுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. "தாத்தா! உனக்கு மூளை கீள குழம்பிடுச்சா? அந்தக் கருங்காலிக்கா? தண்ணிகூடக் கிடையாதுன்னு இப்பதான் கையைத் தூக்கினோம்."

"நான் தூக்கல. எனக்குத் தூக்கினா நடுங்கும்."

"அவன் நம்ம வயித்துல அடிச்சவன் பெரியவரே!" என்றார் மைக்.

"சரி, அடிச்சான். அதனால அவனுக்கு வயிறு இல்லாம போயிடுமா?"

தாத்தா பெரிய மூடி ஒன்றை எடுத்துப் புட்டிங் தட்டின்மேல் கவிழ்த்தார். அதன்மேல் கரண்டியை வைத்தார். கரண்டியின்மேல் கையை வைத்தார். "முதல் கிண்ணம் போகாம இந்தக் கரண்டி அசையாது. இதுக்குமேல உங்க இஷ்டம். வேற சமையல்காரனைப் பாத்துக்குங்க."

பசியோடு நிற்கிற கூட்டத்துக்கு முன்னால் இப்படி ஒரு கிழவன் அடம்பிடித்தால் என்ன செய்வது? திட்டிப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள். ஒருவர் மூடியைத் தொடப் போனார். தாத்தா பார்த்த பார்வையில் கையை எடுத்துக்கொண்டார். கடைசியில் மைக்குக்கே ஒரு யோசனை வந்தது.

"சரி, போகட்டும். இதுலயும் ஒரு காரியம் இருக்கு. பட்டாசு, நீயே கொண்டு போ. 'பாய்லரை அணைச்சாத்தான் அடுத்த கரண்டி'ன்னு கண்டிப்பா சொல்லிட்டு வா."

"அதெல்லாம் நடக்காது" என்றார் தாத்தா. "கிண்ணத்தைக் கொடுத்துட்டு ஒண்ணும் கேக்கக் கூடாது. சாப்பாடுன்னா சாப்பாடு. அதுக்குள்ள தூண்டில் முள்ளை வச்சு அனுப்ப நான் மீன் பிடிக்கிறவன் இல்ல."

"ஒரு வார்த்தைகூடக் கேக்கக் கூடாதா?"

"ஒரு வார்த்தைகூட."

"அப்ப நான் போக மாட்டேன்."

"போகாதே" என்று தாத்தா தடியை ஊன்றி எழுந்தார். ஒரு கையில் தடி, ஒரு கையில் கிண்ணம். நடுங்கிய கையிலிருந்து பாகு வேட்டியில் சிந்தியது. இரண்டு அடி வைப்பதற்குள் தடுமாறி டிரம்மைப் பிடித்துக்கொண்டார். ஆனாலும் மூன்றாவது அடியை எடுத்து வைக்கப் பார்த்தார்.

"கொடு இப்படி!" என்று பிடுங்கிக்கொண்டாள் பட்டாசு. "மூஞ்சியில வீசிட்டு வர்றேன்."

"வீசு. ஆனா கேக்காதே."

ஆலையைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் ஆலையின் மதில், மறுபக்கம் சோப்பு நுரை ஓடிக் காய்ந்த சாக்கடை. வெயில் சாய்ந்திருந்தது. வழியெல்லாம் பட்டாசு சொல்ல வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனாள். அத்தனையும் நல்ல வார்த்தைகள். நறுக்கென்று, உறைக்கிற மாதிரி.

பின்வாசல் கம்பிவலைக் கதவு பூட்டியிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் பாய்லர் கொட்டகை. கதவுக்கு வெளியே, சாக்கடைமேல் இருந்த சிறுபாலத்தின் குட்டைச் சுவரில் ஓர் அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்திருந்தது. நடுவில் குழிந்து, யாரோ பல நாள் உட்கார்ந்து உட்கார்ந்து பழகிய இடம் மாதிரி இருந்தது. பக்கத்தில் தண்ணீர் பாட்டில் ஒன்று, பன் சுற்றி வந்த காகிதங்கள் நாலைந்து.

"யாரது?" என்று கொட்டகைக்குள்ளிருந்து பாய்லர் அண்ணன் வந்தார். ஐம்பது வயது இருக்கும். முகமெல்லாம் வேர்வை. பட்டாசைப் பார்த்ததும் நின்றுவிட்டார். அடிக்கக் கை ஓங்கினால் எந்தக் கன்னத்தைக் காட்டுவது என்று யோசிப்பவர் போல் இருந்தார்.

பட்டாசு வாயைத் திறந்தாள். அடுக்கி வைத்ததில் ஒன்றுகூட வரவில்லை. கண் அந்த அட்டையின்மேலேயே போனது.

"இங்க யாரு உக்காந்திருந்தது?"

"நான்தான்."

"நீங்க ஏன் இங்க..."

"நீதானேம்மா சொன்னே? முதல் நாள் கூட்டத்துல. 'அண்ணே, பின்வாசலை நீங்க பாத்துக்கோங்க'ன்னு. பாத்துக்கிட்டேன்."

சொல்லியிருந்தாள். கூட்டத்தின் நெரிசலில், நூறு பேருக்கு நூறு வேலை சொன்ன அவசரத்தில், போகிற போக்கில் இவரிடமும் ஒன்று சொல்லிவிட்டுப் போனாள். அதோடு மறந்தாள். இவர் வீட்டில் இருப்பார் என்றுதான் பந்தலில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இத்தனை நாளும் தனியாவா?"

"நான் ஒரு ஆள்தானே இங்க. காலையில வருவேன், இருட்டினதும் போவேன். ஒருத்தனையும் உள்ள விடல." அவர் திரும்பி நீர்மட்டக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். "மத்தியானம் சந்து முனையில நின்னு பாப்பேன். மத்த மூணு வாசலையும் காவல் காக்கற பிரிவுகளுக்கு மூணு தூக்குவாளி போகும். சலவைக்கு ஒண்ணு, இஸ்திரிக்கு ஒண்ணு, மடிக்கறவங்களுக்கு ஒண்ணு. மூணும் மூணு வாசலுக்குத் திரும்பும். இந்தப் பக்கம் ஒண்ணும் திரும்பாது. சரி, நம்மளை வேண்டாம்னு வச்சுட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்."

"ஒரு எட்டு பந்தலுக்கு வந்து கேட்டிருக்கலாமேண்ணே!"

"எப்படிம்மா கேக்கறது? ஸ்ட்ரைக் பண்ணலாமான்னு பிரிவு பிரிவா ஓட்டு எடுத்தீங்க. சலவையில எடுத்தீங்க, இஸ்திரியில எடுத்தீங்க, மடிக்கறதுல எடுத்தீங்க. எங்கிட்ட யாரு வந்து கேட்டா? நானாத்தான் அடுப்பை அணைச்சுட்டு வெளிய வந்தேன்."

பட்டாசு கம்பிவலையைப் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து சாயங்காலம் மேனேஜர் வந்தாரு" என்றார் அவர். "ரெண்டு டீ வாங்கிக்கிட்டு வந்தாரு. இந்தா, இந்த அட்டையில, என் பக்கத்துல உக்காந்தாரு. வேலையைப் பத்திப் பேசவே இல்ல. கால் வலிக்குதான்னு கேட்டாரு." "அது நடிப்புன்னு எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிஞ்சுதான் உள்ள வந்தேன். நான் செஞ்சது தப்புதான். நீ திட்ட வந்தியே, திட்டு."

கேள் கேள் என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது. இப்போது கேட்டால் போதும். 'அணைச்சுடுங்கண்ணே' என்று ஒரு சொல். மனிதர் கரைந்து நிற்கிறார், மறுக்க மாட்டார். போராட்டம் பிழைத்துவிடும். அக்காவின் கைக்கு ஒரு நியாயம் கிடைக்கும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

டீயோடு வந்த மேனேஜரும் இப்படித்தான் நெஞ்சுக்குள் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்.

அவள் கிண்ணத்தை வலைக்கடியில் இருந்த இடைவெளி வழியாக உள்ளே நகர்த்தினாள்.

"என்னது?"

"ரொட்டி புட்டிங். தாத்தா கொடுத்தனுப்பினாரு. சூடு ஆறதுக்குள்ள சாப்பிடுங்க."

"அணைக்கச் சொல்லத்தானே வந்தே?"

"இல்லண்ணே. நீங்க சாப்பிட்டதும் கிண்ணத்தை வாங்கிட்டுப் போக வந்தேன். எண்ணி வச்சிருக்கு, ஒண்ணு குறைஞ்சா கிழம் உயிரை எடுத்துடும்."

குழிந்துபோன அந்த அட்டையில் அவள் உட்கார்ந்தாள். வலைக்கு அந்தப் பக்கம் அவரும் தரையில் உட்கார்ந்தார். ஒரு வாய் எடுத்து வைத்தவர் கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் பேசாமல் சாப்பிட்டார். அவளும் பேசாமல் இருந்தாள். சும்மா உட்காரத் தெரியாதவளுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்குத்தான் தெரியும்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா?" என்றார் கடைசியில், கூச்சத்தோடு.

"கொண்டுவர்றேன். இது இங்கயே இருக்கட்டும்" என்று வெறுங்கையோடு எழுந்தாள்.

பந்தலில் எல்லோரும் வழிமேல் விழி வைத்துக் காத்திருந்தார்கள். தாத்தா கரண்டியிலிருந்து கையை எடுத்துப் பரிமாறத் தொடங்கியிருந்தார். ஆனால் யாரும் வாயில் வைக்கவில்லை.

"என்ன சொன்னான்?" என்றார் மைக்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமான்னு கேட்டாரு."

"அணைக்கறேன்னு சொன்னானா?"

"நான் கேக்கல."

பந்தல் பற்றிக்கொண்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். கருங்காலிக்கு விருந்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்து நிற்கிற செயலாளர் எதற்கு என்று ஒரு குரல் கேட்டது. பட்டாசு ஒரு பெஞ்சின்மேல் ஏறி நின்றாள்.

"நான் ஒண்ணு கேக்கறேன், அதுக்குப் பதில் சொல்லிட்டு அப்புறம் கத்துங்க. இத்தனை நாளா பின்வாசல் காவலுக்குச் சாப்பாட்டு வாளி யாரு கொண்டு போனது?"

"பின்வாசலா? அங்க யாரு காவல்?" என்றார் மைக்.

"பாய்லர் அண்ணன். தனியா. நான்தான் நிக்கச் சொன்னேன். உங்க சலவைக் கூடத்துக்குச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தானே பாய்லர், நீங்க கொடுத்துடுவீங்கன்னு விட்டுட்டேன்."

"நாங்க எதுக்குக் கொடுக்கறோம்? ஸ்டீம் உங்க உருளைக்குத்தானே வருது, அது இஸ்திரியோட சேர்த்தின்னு..." மைக்கின் குரல் முதல்முறையாகப் பாதியில் நின்றது.

மடிக்கும் பிரிவுக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஓட்டு எடுத்தப்பவும் அப்படித்தான்" என்றாள் பட்டாசு. "நீங்க எடுத்திருப்பீங்கன்னு நாங்க, நாங்க எடுத்திருப்போம்னு நீங்க."

"அதுக்காகத் துரோகம் துரோகம் இல்லன்னு ஆயிடுமா?" என்று மைக் மறுபடி குரலை ஏற்றினார். "நாளைக்கு லாரியில ஆள் வந்து இறங்கினா நாம எல்லாரும் நடுத்தெரு. அவனைத் தனியா விட்டோம்னு சொன்னா லாரி திரும்பிப் போயிடுமா?"

"போகாது. அவர் செஞ்சது துரோகம்தான், அவரே ஒத்துக்கிட்டாரு. லாரி வந்தா நான் முன்னாடி படுக்கறேன், நீங்களும் வந்து படுங்க. ஆனா இன்னையிலிருந்து நாலு வாளி. நாலாவதை நான் தூக்குவேன். அவர் உள்ள நின்னு பாய்லரை எரிச்சாலும் தூக்குவேன், வெளிய வந்தாலும் தூக்குவேன். அது பிடிக்கலைன்னா வேற செயலாளரைப் பாத்துக்குங்க."

தாத்தா டிரம்மில் உட்கார்ந்தபடி பாகில் விரலைத் தோய்த்துத் திருட்டுத்தனமாக நக்கிக்கொண்டிருந்தார். பேத்தி பேசுவது காதில் விழாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். அவர் வசனத்தையே அவள் பேசினாள் என்பதில் மீசைக்குள் ஒரு சிரிப்பு மட்டும் ஓடியது.

பட்டாசு இறங்கி வந்து, காலியான தூக்குவாளி ஒன்றை எடுத்துக் கழுவினாள். மீதிப் புட்டிங்கில் ஒரு பெரிய துண்டை வெட்டி அதில் வைத்தாள். யாரும் உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கட்டுப் போட்ட அக்கா மட்டும் தன் தட்டிலிருந்ததில் பாதியை நல்ல கையால் எடுத்து அந்த வாளியில் போட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து மைக் தலையைக் குனிந்துகொண்டார்.

வாளியைத் தூக்கிக்கொண்டு பட்டாசு நாலு எட்டு வைத்திருப்பாள். ஆலையின் கூரைக்கு மேலே பெருஞ்சீறலாக ஒரு சத்தம் கிளம்பியது. வெள்ளை வெளேரென்று நீராவி வானத்துக்குப் பீறிட்டது. வெடித்துவிட்டதோ என்று பாதிப் பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். சீறல் நீண்டது, தேய்ந்தது, ஒரு பெருமூச்சு மாதிரி அடங்கியது. புகைபோக்கியில் புகை நூலாக மெலிந்து, அறுந்தது.



ஆலை மதிலின் ஓரமாகப் பாய்லர் அண்ணன் நடந்து வந்தார். கையெல்லாம் எண்ணெய்க் கறை. ஒரு கையில் கழுவித் துடைத்த கிண்ணம். பந்தலின் எல்லையில், உள்ளே வரலாமா என்று தெரியாமல் நின்றார். மைக் எழுந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றார். பட்டாசு வாளியோடு இருவருக்கும் நடுவில் போய் நின்றாள்.

அதற்குள் முன்வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு மேனேஜர் ஓடி வந்தார். கழுத்தில் கட்டிய டை தோளில் கிடந்தது.

"யோவ்! ஆவி மொத்தமும் போயிடுச்சு! யாரைக் கேட்டுய்யா அணைச்சே?"

பாய்லர் அண்ணன் கிண்ணத்தைப் பட்டாசின் கையில் கொடுத்தார். பந்தலை ஒருமுறை பார்த்தார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, நிமிர்ந்து நின்று சொன்னார்:

"பாய்லர் பிரிவுல ஓட்டு எடுத்தோம் சார். ஒருமனதா முடிவாயிடுச்சு."